ஐம்பதைத் தாண்டிய தம்பதியர் சீனாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போவதென்றால்

சீனாவுக்குப் போய் ஆங்கிலம் கற்பிக்கலாமா என்று எங்களிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே நிலையில் இருப்பவர்கள். பிள்ளைகளைக் கரையேற்றியாகிவிட்டது, வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, கைகால் திடமாக இருக்கிறது. ஆனால் இரண்டு வாரச் சுற்றுலாவில் மனம் நிறைவதில்லை. நானும் என் கணவரும் அப்படித்தான் டொரான்டோவிலிருந்து கிளம்பினோம். நான் அங்கே பள்ளி ஆசிரியை; அவர் கணக்கு வேலை பார்த்தவர். தென்கிழக்குச் சீனாவில், ஃபுஜியான் மாகாணத்தின் குவான்சோ நகரில் ஒரு கல்லூரி வளாகத்தில் தங்கி இருவரும் பாடம் எடுத்தோம். இளைஞர்களுக்கான வழிகாட்டிகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் முழங்கால் வலிக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் இடமில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

விசா விண்ணப்பத்தில் உங்கள் வயது ஒரு தொந்தரவாகவே தெரியும். வகுப்பறைக்குள் போனபின் அதைவிட நல்ல உதவி உங்களுக்கு வேறு கிடையாது. கீழே உள்ள படிகளில் பாதி முதல் விஷயத்தைச் சமாளிப்பதற்கு, மீதி இரண்டாவதைப் பயன்படுத்திக்கொள்வதற்கு.

1. பாஸ்போர்ட்டையும் பிறந்த தேதியையும் முதலில் பாருங்கள்

சீனாவில் வெளிநாட்டுப் பணியாளர்களை ஏ, பி, சி என்று மூன்று பிரிவாக வகுத்திருக்கிறார்கள். மொழி ஆசிரியர்கள் பெரும்பாலும் பி பிரிவு. அதற்கு இளங்கலைப் பட்டம் வேண்டும், குற்றப் பின்னணி இருக்கக் கூடாது, இரண்டு ஆண்டு கற்பித்தல் அனுபவம் வேண்டும். கல்வியியல் பட்டமோ ஆசிரியர் உரிமமோ ஏற்கத்தக்க ஆங்கிலக் கற்பித்தல் சான்றிதழோ இருந்தால் அனுபவம் கேட்பதில்லை. என் கணவர் 120 மணி நேரச் சான்றிதழ்ப் படிப்பை முடித்து இந்த வழியில்தான் உள்ளே வந்தார்.

அடுத்தது நாடு. ஆங்கில ஆசிரியர் ஆங்கிலம் தாய்மொழியான நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளைத்தான் நடைமுறையில் ஏற்கிறார்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வாழ்நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே பாடம் எடுத்திருந்தாலும் இந்தக் கதவு எளிதில் திறக்காது. அநியாயம்தான். ஆனால், "வேறு விசாவில் வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்த முகவராவது சொன்னால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள். சுற்றுலா விசாவிலோ வணிக விசாவிலோ பாடம் எடுத்துப் பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் உங்கள் தலையில்தான் விழும். முகவர் தலையில் அல்ல.

மூன்றாவது வயது. பி பிரிவினருக்கு 60 என்பது பொதுவான மேல்வரம்பு. ஆகவே ஓய்வுபெற்ற பின் போகலாம் என்று 62 வரை காத்திருக்காதீர்கள். கணவருக்கும் மனைவிக்கும் ஐந்தாறு வயது வித்தியாசம் இருக்கும் குடும்பங்களில், மூத்தவரின் வயதைக் கொண்டு திட்டம் போடுங்கள். எங்கள் முடிவை விரைவுபடுத்தியது ஆசை அல்ல, இந்தக் கணக்குதான்.

பழுப்புத் தோல் பற்றியும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆர்வமாகப் பேசியவர்கள் படத்தைப் பார்த்ததும் மௌனமான கதை எங்களுக்கும் உண்டு. தனியார் பயிற்சி நிலையங்களில் இது அதிகம்; பெற்றோருக்குக் காட்ட வெள்ளை முகம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. கல்லூரிகளில் குறைவு. முதல் மின்னஞ்சலிலேயே படத்தையும், இரண்டு நிமிடம் நீங்கள் பேசும் காணொளியையும் அனுப்பிவிடுங்கள். விலகுகிறவர்கள் அப்போதே விலகிவிடட்டும். உங்கள் நேரம் மிச்சம்.

2. ஒருவர் வேலையா, இருவரும் வேலையா என்று முடிவு செய்யுங்கள்

இருவரும் பாடம் எடுப்பதென்றால் இருவருக்கும் தனித்தனி வேலை விசா. அதை இசட் விசா என்பார்கள். ஒருவர் மட்டும் வேலை, மற்றவர் துணை என்றால் துணைக்கு எஸ்1 விசா. எஸ்1 விசாவில் வருபவர் சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காசு வாங்கிக்கொண்டு டியூஷன் எடுப்பதும் அதில் சேர்த்திதான்.

முடிந்தால் இருவருமே வேலைக்குப் போங்கள் என்பேன், பணத்துக்காக அல்ல. ஒருவர் வகுப்பு, மாணவர், சக ஆசிரியர் என்று ஊருக்குள் கலந்துவிட, மற்றவர் மொழி தெரியாத ஊரில் ஐந்தாம் மாடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மூன்றாம் மாதத்தில் வீட்டில் சண்டை வரும். எங்கள் வளாகத்திலேயே இரண்டு தம்பதியர் இதனால் பாதியில் திரும்பினார்கள். கல்லூரிகளுக்கும் தம்பதியர் என்றால் விருப்பம். ஒரே வீட்டில் இரண்டு ஆசிரியர்கள் கிடைக்கிறார்கள், அதிலும் நடு ஆண்டில் சொல்லாமல் ஓடிப்போகாத ஆசிரியர்கள்.

3. காகிதங்களுக்கு நான்கைந்து மாதம் ஒதுக்குங்கள்

பட்டச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ், கற்பித்தல் சான்றிதழ், மருத்துவப் படிவம், துணையாகப் போகிறவருக்குத் திருமணச் சான்றிதழ். முன்பு இவற்றில் பலவற்றுக்குச் சீனத் தூதரக முத்திரை வாங்க வேண்டியிருந்தது. சீனா 2023 நவம்பர் 7 முதலும் கனடா 2024 ஜனவரி 11 முதலும் அபோஸ்டில் (ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடுகள் ஒரே முத்திரையோடு ஏற்கும் முறை) ஒப்பந்தத்தில் இருப்பதால், கனடாவில் பெற்ற சான்றிதழ்களுக்கு இப்போது ஒரு முத்திரை போதும். உங்கள் பட்டம் இந்தியப் பல்கலைக்கழகத்துடையது என்றால் இந்தியாவின் அபோஸ்டிலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அந்தப் பட்டத்துக்கு எந்த வகைச் சான்று வேண்டும் என்று கல்லூரியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பட்டத்தில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை விரித்து ஒரு பெயர், திருமணத்துக்குப் பின் கணவர் பெயரோடு மூன்றாவது பெயர். சீன அதிகாரிக்கு இது மூன்று பெண்கள். கிளம்புவதற்கு முன்பே மூன்றும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதற்கும் முத்திரை வாங்கிவிடுங்கள். போய்ச் சேர்ந்தபின் வங்கிக் கணக்கு, கைப்பேசி எண், ரயில் டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்து, அதே வரிசை, அதே இடைவெளி. வங்கியில் ஓர் இடைவெளி மாறியதால் பணம் செலுத்தும் செயலி என் கணவரை ஏற்க மறுத்துவிட்டது. வங்கிப் பெண் சிரித்துக்கொண்டே கணக்கை மூடி, மறுபடி திறந்து கொடுத்தாள்.

4. ஒப்பந்தத்தில் சம்பளத்தைவிட மாடியைப் பற்றி அதிகம் பேசுங்கள்

2021 ஜூலையில் அரசு கொண்டுவந்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கான டியூஷன் தொழில் சுருங்கிவிட்டது. பெரிய நிறுவனங்களே கடையை மூடின. வயதானவர்களுக்கு அந்த இடங்கள் எப்படியும் ஒத்துவராது. மாலையும் சனி ஞாயிறும் வேலை, ஐந்து வயதுப் பிள்ளைகளோடு ஆடிப்பாட வேண்டும். பல்கலைக்கழகம், கல்லூரி வேலைகளில் சம்பளம் குறைவு. ஆனால் வளாகத்துக்குள் இலவச வீடு, வாரத்துக்குப் பதினாறு பாடவேளைக்குள் வேலை, நீண்ட விடுமுறை எல்லாம் உண்டு. நமக்கு அதுதான் சரி.

ஒப்பந்தம் போடும்போது கேட்க வேண்டியவை: வீடு எத்தனையாவது மாடி, மின்தூக்கி உண்டா? பழைய வளாகங்களில் ஆறு மாடி வரை மின்தூக்கி இல்லாத கட்டடங்கள்தான் அதிகம். முதலில் எங்களுக்குக் காட்டியது ஆறாம் மாடி. கல்லூரி அதைப் பெருமையாகக் காட்டியது, காற்றோட்டம் நன்றாம். முழங்காலைத் தொட்டுக் காட்டினேன், இரண்டாம் மாடி கிடைத்தது. குளியலறையில் மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா? வகுப்புக் கட்டடங்களில் பெரும்பாலும் குந்தி உட்காரும் வகைதான், காகிதமும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். குளிர்காற்றுப் பெட்டி வெப்பமும் தருமா? யாங்சி ஆற்றுக்குத் தெற்கே கட்டடங்களுக்குப் பொது வெப்பமூட்டும் வசதி கிடையாது. கனடாவில் வெளியே பனி, உள்ளே கதகதப்பு. குவான்சோவில் ஜனவரியில் வெளியே சுமாரான குளிர், உள்ளேயும் அதே குளிர். படுக்கையறை, கூடம் இரண்டிலும் பெட்டி வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

அதோடு கோடை விடுமுறையில் சம்பளம் உண்டா, விமானச் செலவு எப்போது தருவார்கள், மருத்துவக் காப்பீடு எதை ஈடுசெய்யும் என்பவற்றையும் கேளுங்கள். டொரான்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்துக்காரர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். மாகாண மருத்துவக் காப்பீடு தொடர எந்த 12 மாதத்திலும் 153 நாள் அங்கே இருக்க வேண்டும். வேலைக்காக நீண்ட காலம் வெளியே போகிறவர்கள் கிளம்புமுன் தெரிவித்துத் தொடர்ச்சி கேட்கலாம். திரும்பி வந்தபின் கேட்டால் தலைவலி.

5. கைப்பேசியை ஊரிலேயே தயார் செய்யுங்கள்

சீனாவில் கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக் திறக்காது. அங்கே எல்லாம் வீசாட்தான்: பேச்சு, பணம், வகுப்பு அறிவிப்பு, காய்கறிக் கடை, கல்லூரி அலுவலகம். கிளம்புவதற்கு முன் வீசாட், பணம் செலுத்தும் செயலியான அலிபே இரண்டையும் இறக்கி, உங்கள் கடன் அட்டையை இணைத்துப் பாருங்கள். புதிதாக வீசாட் கணக்குத் தொடங்கும்போது ஏற்கெனவே பயன்படுத்துபவர் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டி வரலாம். உங்கள் தெருவில் ஒரு சீனக் குடும்பம் நிச்சயம் இருக்கும், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கனடாவில் இருந்தால் அவர்களும் வீசாட் போட்டுக்கொள்ளட்டும். பேரனைத் தினமும் பார்க்கலாம். இந்தியாவில் இருக்கும் உறவுகளுக்கு அது உதவாது. 2020 ஜூனில் இந்தியா தடை செய்த செயலிகளில் வீசாட்டும் ஒன்று. மதுரையில் இருக்கும் என் மாமியாரோடு பேச, கனடா சிம்மை ரோமிங்கில் வைத்துக்கொண்டோம். வெளிநாட்டு சிம்மின் இணையம் சொந்த நாட்டு வலைப்பின்னல் வழியாகப் போவதால் வாட்ஸ்அப் திறக்கும். செலவு கூடுதல்தான். கிழவி முகத்தைக் காட்டு என்றால் காட்டித்தானே ஆக வேண்டும்.

6. பெட்டியில் எதற்கு இடம்

மூன்று மாத மருந்து, மருந்தின் வேதிப் பெயர் எழுதிய மருத்துவர் சீட்டு. பெருங்காயம், மஞ்சள்தூள், சாம்பார் பொடி. பெரிய கால் உள்ளவர்கள் செருப்பையும் அளவான உள்ளாடைகளையும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். அங்கே கடையில் நம் அளவைச் சொன்னால் கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கனடா மின்சாதனங்கள் வேண்டாம், அங்கே 220 வோல்ட். இந்திய மிக்ஸி என்றால் செருகியை மட்டும் மாற்றினால் ஓடும். குடும்பப் படங்கள், பழைய திருமணப் படம், ஊர் நாணயங்கள், ஒரு பட்டுப்புடவை: இவை ஞாபகத்துக்கு அல்ல, பாடத்துக்கு.

7. முதல் மாதம்

வீட்டுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் ஹோட்டலே செய்துவிடும். வளாக வீடு என்றால் கல்லூரி ஆள் கூட வர வேண்டும். பிறகு மருத்துவப் பரிசோதனை: வெறும் வயிற்றோடு போய், கையில் ஒரு தாளோடு அறை அறையாக ஏற வேண்டும். இரத்தம், எக்ஸ்ரே, இதயத் துடிப்பு, ஸ்கேன் எல்லாம் முடிந்து ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் உட்கார வைத்து மறுபடி பார்ப்பார்கள், பயப்பட வேண்டாம்.

வந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். திரும்பக் கிடைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அக்டோபர் 1 தேசிய தின விடுமுறைக்குப் பக்கத்து நாட்டுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். அந்த நீண்ட விடுமுறைகளில் சில நாட்களை முன்னும் பின்னும் வரும் சனி ஞாயிறுகளில் வேலை செய்து ஈடுகட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நாற்பது பேர் உங்களுக்காக வகுப்பில் காத்திருக்கக்கூடும்.

இதிலெல்லாம் உங்களுக்குத் துணை கல்லூரியின் வெளிநாட்டு விவகார அலுவலகம். அதை வைபான் என்பார்கள். அங்கே இருக்கும் இளம் பணியாளர்தான் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர், மகன், வழக்கறிஞர் எல்லாம். குவான்சோவில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் தேநீர் மேசைக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். தியெகுவான்யின் தேயிலை விளையும் ஆன்ஷி இந்த நகராட்சிக்குட்பட்ட மாவட்டம்தான். கட்டைவிரல் அளவுக் கோப்பையில் ஊற்றுவார்கள், நாம் குடித்ததும் மறுபடி ஊற்றுவார்கள். நன்றி சொல்ல இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டினால் போதும். குழாய் ஒழுகுவதைப் பற்றி மூன்றாவது கோப்பைக்குப் பிறகு பேசுங்கள். அன்றைக்கே ஆள் வருவார்.

8. வகுப்பறை

பெரும்பாலும் உங்களுக்குத் தருவது பேச்சு ஆங்கில வகுப்பு. முப்பது, நாற்பது மாணவர்கள், தரையில் பொருத்திய பெஞ்சுகள், இரண்டு பாடவேளை சேர்த்து. பாடநூல் தருவார்கள், சில சமயம் தர மாட்டார்கள். இந்தப் பிள்ளைகள் எட்டு ஒன்பது வயதிலிருந்தே ஆங்கிலம் படித்தவர்கள். கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். கல்லூரியில் சேர்ந்தபின் ஜூனிலும் டிசம்பரிலும் 710 மதிப்பெண்ணுக்கு நாடு தழுவிய நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வு. இலக்கணம் உங்களைவிட நன்றாகத் தெரியும். வாய்தான் திறக்காது.

முதல் நாள் நான் கேள்வி கேட்டேன், நாற்பது தலையும் குனிந்தன. இதைச் சோம்பல் என்றோ புரியவில்லை என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். தவறாகப் பேசி எல்லார் முன்னும் முகம் இழப்பதைவிட, பேசாமல் இருப்பது அவர்களுக்கு மேல். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள், அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். நாங்கள் செய்தது இதுதான்: கேள்வியைப் பலகையில் எழுதி, இரண்டு நிமிடம் தனியாக எழுதச் சொல்வது, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது, அதன் பிறகே யாரையாவது எழுப்புவது, அப்போதும் தன் பதிலை அல்ல, தோழன் சொன்னதைச் சொல்லச் சொல்வது. அடுத்தவர் கருத்தைச் சொல்வதில் முகம் போவதில்லை. இரண்டாம் வாரமே சத்தம் தாங்க முடியவில்லை.

இங்கேதான் வயது கைகொடுக்கிறது. இருபத்தைந்து வயது வெளிநாட்டு ஆசிரியரைப் பிள்ளைகள் நண்பராகப் பார்க்கிறார்கள். அவர் வகுப்பு விளையாட்டாக முடிந்துவிடும். தலை நரைத்த இருவர் உள்ளே வந்தால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு இறுக்கமாக இருந்தால் பழையபடி மௌனம்தான். நீங்கள் உங்கள் கதையைச் சொல்ல வேண்டும். நான் முதல் மாதத்தில் எங்கள் திருமணப் படத்தைக் காட்டினேன். பெண் பார்க்க வந்தது, இருபது நிமிடத்தில் முடிவானது என்று சொன்னதும் வகுப்பு வெடித்தது. அவர்கள் வீட்டிலும் திருமணத் தரகர், ஜாதகப் பொருத்தம், வரதட்சணைக்கு எதிர்த்திசையில் மாப்பிள்ளை வீட்டார் தரும் பணம் எல்லாம் உண்டு. வாயே திறக்காத பின்வரிசைப் பையன் எழுந்து, தன் அக்காவின் திருமணத்துக்கு எவ்வளவு பேரம் நடந்தது என்று பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினான். காலம், வினைச்சொல் எல்லாம் சிதறிக் கிடந்தன. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

எங்களுக்கு மிக நன்றாக வேலை செய்த பாடம் தாத்தா பாட்டி. குவான்சோவின் பகுதியான ஜின்ஜியாங் காலணித் தொழிலுக்குப் பேர்போனது. சீனாவின் பெரிய விளையாட்டுக் காலணி நிறுவனங்கள் சில அங்கே பிறந்தவை. பெற்றோர் தொழிற்சாலையிலும் வியாபாரத்திலும் இருக்க, பிள்ளைகள் பலர் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்கள். இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா என்று கடல் தாண்டிப் போனவர்கள். போனவர்கள் பணத்தோடு சேர்த்து அனுப்பிய கடிதங்கள் 2013-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. வீட்டுப்பாடம் எளியது: வார இறுதியில் பாட்டியிடம் ஃபுஜியான் பேச்சுமொழியிலேயே ஒரு கதை கேட்டு, திங்களன்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மணிலாவுக்குப் போய்த் திரும்பி வராத தாத்தாவின் அண்ணன், வருடா வருடம் வந்த பணம், ஒரு வருடம் நின்றுபோன கடிதம் என்று வந்த கதைகளைக் கேட்கும்போது எனக்குப் பர்மாவும் பினாங்கும் போன எங்கள் ஊர்ச் செட்டியார் வீடுகள் நினைவுக்கு வந்தன. நீங்கள் வேறு நகருக்குப் போனால் அங்கே இதுபோல என்ன இருக்கிறது என்று தேடுங்கள். பாரிஸ், லண்டன் பற்றிய பாடநூல் உரையாடல்களுக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

உச்சரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. இந்தப் பகுதி வட்டாரமொழியில் எஃப் ஒலி இல்லாததால் சிலருக்கு அது ஹகரமாகிவிடும். ஃபுஜியானையே ஹுஜியான் என்று சொல்வதாக மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். ஃ போட்டுச் சமாளிக்கும் நமக்கு அந்தக் கஷ்டம் புரியும். சீன மொழிப் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே ஒலி என்பதால் அம்மாவை ஆணாக்கிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருத்தாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில், யார் செய்த தவறு என்று சொல்லாமல், மூன்றைப் பலகையில் எழுதினால் போதும். உங்கள் தமிழ்வாடை ஆங்கிலத்தைப் பற்றி நீங்களே கவலைப்படாமல் இருப்பது மாணவர்களுக்குப் பெரிய தைரியம்.

வகுப்புத் தலைவர் என்று ஒரு மாணவர் இருப்பார். அறை மாற்றம், வருகை, யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் காதல் தோல்வி எல்லாம் அவருக்குத் தெரியும். முதல் நாளே அவரது வீசாட்டை வாங்குங்கள். செப்டம்பர் 10 ஆசிரியர் தினம். கைநிறையப் பழமும் வாழ்த்து அட்டையும் வரும், விலையுயர்ந்தது எதுவும் வாங்காதீர்கள். தைவான், திபெத், தியானன்மென், மதம் ஆகியவை வகுப்புக்குள் வேண்டாம். மதம் பரப்புவது சட்டப்படி குற்றம். ஒரு மாணவன் தனியாக வந்து கேட்டால்கூட நான் பேச்சை மாற்றிவிடுவேன்; மாட்டிக்கொண்டால் நாம் விமானம் ஏறிவிடலாம், அவன் அங்கேயே இருக்க வேண்டியவன்.

9. சாப்பாடும் உடம்பும்

சைவக்காரர்களுக்கு ஃபுஜியான் சோதனைதான். கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், சூப்பில் உலர்ந்த இறால் கிடக்கும். "நான் சைவம், கொழுப்பும் மீன் சாறும் வேண்டாம்" என்று சீன எழுத்தில் எழுதிய வாசகத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். புத்த மடங்களை ஒட்டிய சைவ உணவகங்கள் நம்பகமானவை. கடலைப்பருப்பு போல மிருதுவாக வெந்த வேர்க்கடலைக் கஞ்சியும், கடற்பாசியில் செய்த குளிர்ந்த ஷிஹுவாகாவும் யாரும் பயமின்றிச் சாப்பிடலாம். அசைவக்காரர்களுக்குச் சிப்பி ஆம்லெட், இஞ்சி வாத்து என்று கொண்டாட்டம்தான். தெருக் கடையில் கூழ் மாதிரி உறைந்து, உள்ளே ஏதோ நெளிந்து கிடப்பது கடற்புழு. தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

இட்லிக்கு நீள அரிசி கிடைக்கும்; உளுந்தை இணையத்தில் வரவழைக்க வேண்டும். சோயாப் பால் அரைக்கும் இயந்திரங்கள் பல வீடுகளில் உண்டு, மாவு அதில் நன்றாக அரைபடும். குளிர்காலத்தில் புளிக்க வைப்பதுதான் பாடு.

விருந்துகளில் வெள்ளைச் சாராயத்தை நீட்டி ஒரே மடக்கில் குடிக்கச் சொல்வார்கள். இளைஞர்கள் தப்ப முடியாது. நாம் மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தால் அதோடு முடிந்தது. தேநீரைத் தூக்கி வாழ்த்தலாம்.

உடம்பு சரியில்லை என்றால் நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். குடும்ப மருத்துவர் வழக்கமில்லை. முதலில் பதிவுச் சீட்டு, பணம், பிறகு மருத்துவர், மறுபடி பணம், பரிசோதனை, மறுபடி மருத்துவர். எல்லாம் அரை நாளில் முடிந்துவிடும். டொரான்டோவில் சிறப்பு மருத்துவருக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவளுக்கு இது அதிசயம். மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்ற மருந்துகள் தாராளமாகக் கிடைக்கும். மாணவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் மகளிர் மருத்துவம் போன்றவற்றுக்கு அலுவலகப் பெண் ஒருவரை அழையுங்கள். வசந்த காலத்தில் கடலோரக் காற்றின் ஈரத்தால் சுவரும் தரையும் வியர்த்து நீர் ஓடும். ஜன்னலைச் சாத்தி வையுங்கள், டைல்ஸ் தரையில் வழுக்கி விழாதீர்கள். சாலையில் மின்ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் நடைபாதையிலும் வரும். வயதானவர்களுக்கு அங்கே உண்மையான ஆபத்து அதுதான்.

10. ஊராரோடு

எவ்வளவு சம்பளம், எத்தனை வயது, எத்தனை பிள்ளை, பேரப்பிள்ளையை விட்டுவிட்டு ஏன் வந்தீர்கள் என்று லிஃப்டில் பார்த்தவர்கூடக் கேட்பார். நமக்கு இது புதிதல்ல. கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பேரன் பேத்தியை வளர்ப்பதுதான் முதியவர் வேலை என்பது அங்கே ஆழமான எண்ணம். பேரனின் படத்தைக் காட்டி, கோடையில் போய்ப் பார்ப்போம் என்றால் சமாதானமாவார்கள்.

மொழிக்கு வகுப்பு தேட வேண்டாம். மாலையில் சதுக்கத்தில் பெண்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள். கடைசி வரிசையில் போய் நின்றுகொள்ளுங்கள். எண்கள், திசைகள், உடல் உறுப்புகள் எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். முழங்காலுக்கும் நல்லது. ஆண்கள் பூங்காவில் சீனச் சதுரங்கப் பலகையைச் சுற்றி நிற்கலாம். ஆடுகிறவர் இருவர், யோசனை சொல்கிறவர் பத்துப் பேர்.

குவான்சோவுக்கே போகிறீர்கள் என்றால் கையுவான் கோயிலின் பின்பக்கம் போய்த் தூண்களைப் பாருங்கள். விஷ்ணுவும் சிவனும் செதுக்கிய தூண்கள் ஒரு புத்தக் கோயிலில் நிற்கின்றன. கடல்வழி வணிகத்துக்கு வந்த தமிழர்கள் இங்கே சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லும் தமிழ், சீனக் கல்வெட்டு 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இதைப் பற்றி என் மாணவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. கூட்டிக்கொண்டு போய் ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னேன். ஷுன்பு மீனவக் கிராமத்துப் பெண்கள் தலையைச் சுற்றி வளையமாகப் பூ வைப்பார்கள். அங்கே நான் புடவையில் போனபோது ஒரு பாட்டி பூவை வைத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

11. திரும்பும்போது

அடுத்த ஆண்டு தொடர்வதா என்று மார்ச், ஏப்ரலிலேயே கேட்பார்கள், தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கிளம்புவதென்றால் பணி விடுவிப்புக் கடிதம், வேலை அனுமதி ரத்துச் சான்று, வரி செலுத்திய ஆவணம் மூன்றையும் முத்திரையோடு வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். விடுவிப்புக் கடிதம் இல்லாமல் சீனாவில் வேறெங்கும் வேலை கிடைக்காது. வரி ஆவணம் இல்லாமல் சேமித்த யுவானை டாலராக்கி அனுப்ப வங்கி மறுக்கும். பணத்தை முதலில் அனுப்பிவிட்டு, அது வந்து சேர்ந்ததை உறுதி செய்தபின் வங்கிக் கணக்கையும், கடைசியாகச் சீனக் கைப்பேசி எண்ணையும் ரத்து செய்யுங்கள். எண்ணை முதலில் ரத்து செய்தால் வங்கியின் சரிபார்ப்புக் குறியீடு வராது. மிக்ஸியையும் போர்வைகளையும் அடுத்து வரும் ஆசிரியருக்கு விட்டுவிடலாம். வைபானில் சொன்னால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார்கள்.